உடற்கொழுப்பில் தங்கும் நச்சுகளை அளக்கும் ரத்தப் பரிசோதனைச் சேவை: ஒரு பயனரின் மதிப்பீடு

மின்மாற்றிகளைப் பராமரிக்கும் வேலையில் 23 ஆண்டுகளைக் கழித்தவன் நான். டேங்கைத் திறந்து, இரும்பு மையமான கோரையும் கம்பிச் சுருளான வைண்டிங்கையும் வெளியே தூக்கி, எண்ணெய் சொட்டும்போதே அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்வதும், எண்ணெயை ஃபில்டர் மெஷினில் விட்டு ஈரம் நீக்கி, எவ்வளவு மின்னழுத்தத்தைத் தாங்குகிறது என்று காட்டும் பி.டி.வி. பார்த்து மீண்டும் நிரப்புவதும் எங்கள் அன்றாட வேலை. முழங்கை வரை எண்ணெய் படிந்தபடியே வீடு திரும்பிய நாட்கள் பல. அந்த எண்ணெயில் வேறென்ன கலந்திருக்கக்கூடும் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, உடலில் நீண்ட காலம் தங்கிவிடும் தொழிற்சாலை நச்சுகளை ரத்தத்தில் அளந்து அறிக்கை தரும் ஒரு சேவையைப் பற்றி அறிந்து பதிவு செய்துகொண்டேன். சில வாரங்கள் கழித்து, கருவுற்றிருந்த என் மகளும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டாள். இரண்டு அனுபவங்களையும் சேர்த்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இதே வகைச் சேவையைப் பல நிறுவனங்கள் தருகின்றன, நான் கண்ட நிறைகுறைகள் எங்கும் இருக்கக்கூடியவை என்பதே காரணம்.

என் முதல் அக்கறை பி.சி.பி. எனப்படும் பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல்களைப் பற்றியது. 1929-இல் வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கப்பட்ட இவை எளிதில் தீப்பற்றாதவை, மின்சாரத்தைக் கடத்தாதவை, அதிகச் சூட்டிலும் எளிதில் கெடாதவை. மின்மாற்றிக்கும் மின்தேக்கிக்கும் இதைவிடப் பொருத்தமான திரவம் கிடைக்காது என்று அக்காலப் பொறியாளர்கள் நம்பியதில் வியப்பில்லை. அஸ்கரெல் என்ற பொதுப்பெயரில் அது டேங்குகளில் நிரப்பப்பட்டது. சாதாரண மினரல் ஆயில் நிரப்பிய மின்மாற்றியிலும் அது இருக்க வாய்ப்புண்டு என்பதை வெளியில் இருப்பவர்கள் பெரும்பாலும் அறியமாட்டார்கள். ஒரே ஃபில்டர் மெஷினையும் ஒரே குழாயையும் எல்லா மின்மாற்றிகளுக்கும் பயன்படுத்தும்போது, ஒன்றிலிருந்த மிச்சம் அடுத்ததில் கலந்துவிடும். எளிதில் கெடாமல் இருப்பதற்காகப் போற்றப்பட்ட அதே குணம்தான், உடலுக்குள் போன பிறகும் அதைச் சிதையாமல் காக்கிறது.

இந்தப் பரிசோதனை எதை அளக்கிறது என்பது புரியவேண்டுமானால், நச்சு ஏன் கொழுப்பைத் தேடிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். உடல் தனக்கு வேண்டாத பொருளைச் சிறுநீரில் வெளியேற்ற முதலில் அதை நீரில் கரையும்படி மாற்றவேண்டும். கல்லீரலின் நொதிகள் செய்வது அந்த வேலையைத்தான். ஆனால் நொதி பற்றிக்கொள்வதற்கு, மூலக்கூறில் குளோரின் ஒட்டாத கார்பன் இரண்டு அடுத்தடுத்து இருப்பது தேவை. பி.சி.பி.யில் உள்ள 209 வகைகளில் 153 என எண்ணிடப்பட்ட வகை போன்றவற்றில் அப்படிப்பட்ட இடமே இல்லை. கொழுப்பைப் போன்ற ஆக்டனால் என்னும் கரைப்பானையும் நீரையும் ஒன்றாக வைத்து அதைக் கலந்தால், நீரில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாக ஆக்டனாலில் போய்ச் சேரும். உடலிலும் அதுவே நடக்கிறது: சிதைக்கவும் முடியாமல், கரைத்து வெளியேற்றவும் முடியாமல், தோலடிக் கொழுப்பிலும் வயிற்றுக் கொழுப்பிலும் அது தங்கிவிடுகிறது. டி.டி.டி. பூச்சிமருந்து உடலில் மாறி உருவாகும் டி.டி.இ., பூஞ்சைக்கொல்லியாகப் பயன்பட்ட ஹெக்ஸாகுளோரோபென்சீன், எரிப்பில் உண்டாகும் டையாக்சின்கள் ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே.

முன்பெல்லாம் இதை அறிய உடலிலிருந்து கொழுப்பையே எடுத்து ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் 1967-இல் தொடங்கிய தேசியக் கணக்கெடுப்பு ஒன்று, அறுவை சிகிச்சைகளிலும் பிணக்கூறாய்வுகளிலும் கிடைத்த கொழுப்புத் திசுக்களைத் திரட்டி ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்தது. இப்போது அந்தச் சிரமம் தேவையில்லை. ரத்தத்தில் மிதக்கும் கொழுப்புக்கும் உடலில் சேமிப்பாக இருக்கும் கொழுப்புக்கும் இடையே இந்த நச்சுகள் ஒரு சமநிலையில் இருப்பதால், ஒன்றை அளந்து மற்றதை மதிப்பிட முடிகிறது. இந்தச் சேவையின் அடிப்படை அதுதான். அந்த அடிப்படையில் குறை காண ஒன்றுமில்லை.

மாதிரி எடுத்த விதத்தை மனமாரப் பாராட்டுகிறேன். இரவு முழுதும் உண்ணாமல் இருக்கவேண்டும் என்று இரண்டு நாட்களுக்கு முன்பே அறிவுறுத்தினார்கள். வந்த பணியாளர் ஜெல் இடப்பட்ட வழக்கமான குழாய்களைத் தவிர்த்து, இதற்கென்றே சுத்தம் செய்து முத்திரையிட்ட கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்தார். தூய நீர் நிரப்பிய இன்னொரு குழாயை என் அறையிலேயே சற்று நேரம் திறந்து வைத்து மூடி, அதையும் என் ரத்தத்தோடு சேர்த்து அனுப்பினார். காரணம் கேட்டபோது, “காற்றிலிருந்தோ குழாயிலிருந்தோ ஏதாவது கலந்திருந்தால் இந்த நீரில் தெரிந்துவிடும், ஐயா, அதைக் கழித்துத்தான் உங்கள் கணக்கைச் சொல்வார்கள்” என்றார். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோகிராமை அளக்கும் வேலையில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். தன் வேலையின் காரணத்தை அறிந்து செய்பவரைப் பார்ப்பது எனக்கு எப்போதும் நிறைவு தரும்.

பதிவுப் படிவத்தில் மட்டும் ஒரு பெரிய குறை இருந்தது. வயது, எடை, புகைப்பழக்கம், உணவுப்பழக்கம் எல்லாவற்றையும் கேட்ட அந்தப் படிவம், நான் என்ன வேலை செய்தேன் என்று கேட்கவில்லை. பெரும்பாலோருக்கு இந்த நச்சுகள் கொழுப்புள்ள மீன், இறைச்சி, பால்பொருள்கள் வழியாக வருகின்றன என்பது உண்மை. ஆனால் மின்மாற்றிப் பணியாளர், பழைய கப்பலை உடைப்பவர், கேபிளை எரித்துத் தாமிரம் பிரிப்பவர், பூச்சிமருந்து அடிப்பவர் ஆகியோருக்குத் தொழிலே முதல் வழி. அந்த ஒரு கேள்வி இல்லாததால், என் முடிவுகளை விளக்கிய குறிப்புகள் அனைத்தும் என் உணவைப் பற்றியே பேசின.

இனி அறிக்கை. என் மனக்குறையில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். முதலில் வந்த அறிக்கை ஒவ்வொரு நச்சையும் ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தில் ஒரு லிட்டருக்கு எவ்வளவு என்ற கணக்கில் மட்டும் தந்திருந்தது. கொழுப்பில் கரையும் பொருளுக்கு அந்த எண் மட்டும் போதாது. ரத்தத்தில் கொழுப்பு அதிகமாக ஓடும் ஒருவருக்கு, அந்தக் கொழுப்போடு நச்சும் கூடுதலாக மிதந்து வரும். உடலின் மொத்தச் சேமிப்பு கூடியது போன்ற தோற்றம் உண்டாகும். எனக்கு ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு பல ஆண்டுகளாகவே அதிகம். அதே மாதிரியில் கொலஸ்ட்ராலையும் ட்ரைகிளிசரைடையும் அளந்து, ஒரு கிராம் ரத்தக் கொழுப்புக்கு இத்தனை நானோகிராம் என்று திருத்திச் சொல்வதே ஆய்வாளர்களின் வழக்கம். நான் எழுதிக் கேட்ட பிறகுதான், ஆய்வகம் அவற்றை ஏற்கெனவே அளந்து வைத்திருப்பதும், அறிக்கையின் வடிவத்தில் அந்த வரிசை விடப்பட்டிருப்பதும் தெரியவந்தது. திருத்திய அறிக்கை பதினொரு நாட்களில் வந்தது. பி.சி.பி. 153-இல் நான் இருந்த இடம் கணிசமாகக் கீழிறங்கியது. இடைப்பட்ட அந்தப் பதினொரு நாட்களும் என் வீட்டில் யாரும் நிம்மதியாக உறங்கவில்லை. அளந்து வைத்திருந்த ஓர் எண்ணை அச்சிடாமல் விட்டதால் விளைந்த வேதனை அது.

நிறங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்டறியப்படாதது பச்சை, கண்டறியப்பட்டது மஞ்சள், சராசரிக்கு மேல் இருப்பது சிவப்பு. இந்தப் பகுப்பு சரியல்ல. இன்று உலகில் வாழும் எவருடைய ரத்தத்திலும் டி.டி.இ.யோ பி.சி.பி.யோ ஓரளவு இல்லாமல் இருப்பது அரிது. கருவி நுட்பமாக இருந்தால் மஞ்சள் கூடும், அவ்வளவுதான். சராசரியும் எல்லா வயதினரையும் கலந்து எடுத்த சராசரியாக இருந்தது. இந்த நச்சுகள் ஆண்டுதோறும் சேர்பவை. அவற்றின் உற்பத்தி உச்சத்தில் இருந்த காலத்தில் வளர்ந்தவர்களிடம் கூடுதலாகவும், தடைக்குப் பின் பிறந்தவர்களிடம் குறைவாகவும் இருப்பவை. அறுபதைக் கடந்த என்னை இருபது வயதினரோடு ஒப்பிட்டால் சிவப்பு வராமல் எப்படி இருக்கும்? என் வயதினரோடு மட்டும் ஒப்பிட்டபோது நான் மேற்பகுதியில் இருந்தேன், ஆனால் எல்லை கடந்தவனாக இல்லை. வேலை செய்த இடத்தை நினைத்துப் பார்த்தால், அது எனக்கு எதிர்பாராத ஆறுதல்.

அறிக்கையில் ஒரு பக்கம் முற்றிலும் பிழையானது. ஃப்ளோரின் கொண்ட நிலைத்த ரசாயனங்களான பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. ஆகியவையும் “உங்கள் கொழுப்பில் சேமிக்கப்பட்டுள்ளன” என்று அச்சிட்டிருந்தார்கள். அவை கொழுப்பில் சேர்வதில்லை. ரத்தத்தின் ஆல்புமின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்திலும் கல்லீரலிலும் சுற்றுபவை. சில ஆண்டுகளில்தான் பாதியளவாகக் குறைபவை. எனவே அவற்றுக்குக் கொழுப்புக் கணக்குத் திருத்தமும் பொருந்தாது. இரண்டு வகை நச்சுகளும் நீண்ட காலம் தங்குபவை என்ற ஒற்றுமை இருந்தாலும், தங்கும் இடம் வேறு. மக்களுக்கு அறிவு புகட்டுவதாகச் சொல்லும் ஒரு நிறுவனம் இந்த வேறுபாட்டை விட்டுவிடக்கூடாது. நான் சுட்டிக்காட்டியும் மகளின் அறிக்கையில் அதே வாசகம் அப்படியே இருந்தது.

முடிவுகளை விளக்கத் தொலைபேசியில் பேசிய மருத்துவர் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதி. நாற்பது நிமிடங்கள் பேசினார். பி.சி.பி.க்கள் மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் வகைப்படுத்தியதை அவர் மறைக்கவில்லை. அதே மூச்சில், அது பொருளின் தன்மையைப் பற்றிய தீர்ப்பே தவிர என் உடலில் உள்ள அளவைப் பற்றிய தீர்ப்பு அல்ல என்றும் விளக்கினார். பேரளவில் நச்சேறியவர்கள் எப்படிப் பாதிக்கப்பட்டார்கள் என்று நான் கேட்டபோது, 1968-இல் ஜப்பானில் நிகழ்ந்ததைச் சொன்னார். தவிட்டு எண்ணெயை வாசனை நீக்கும் ஆலையில், சூடேற்றும் குழாய்களுக்குள் ஓடிய பி.சி.பி. கசிந்து எண்ணெயில் கலந்தது. அதை உண்டவர்களின் தோலில் கடும் பருக்கள், கண்களில் பீளை, கருமை படிந்து பிறந்த குழந்தைகள். 1979-இல் தைவானிலும் அதே வகை விபத்து நேர்ந்தது. அவர்களிடம் இருந்ததோடு ஒப்பிட்டால் என்னிடம் இருப்பது மிகச் சிறிது என்று அவர் சொன்னபோதும், “ஆகவே கவலையே வேண்டாம்” என்று முடிக்காமல், என் கல்லீரல் பரிசோதனையையும் தைராய்டு பரிசோதனையையும் ஆண்டுதோறும் பார்க்கச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அவ்வளவு நேர்மையான உரையாடல் முடிந்த மறுநாளே, நச்சு நீக்கும் தூள் ஒன்றை வாங்கச் சொல்லி அதே நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. மூன்று வாரம் உட்கொண்டு, இடையே பட்டினி இருந்து, வியர்வைக் குளியல் எடுத்தால் கொழுப்பு வேகமாகக் கரைந்து நச்சு வெளியேறிவிடும் என்பது வாக்குறுதி. இது தவறு என்பதோடு, சிலருக்கு ஆபத்தும்கூட. வியர்வை பெரும்பாலும் நீர். நீரில் கரையாத பொருள் அதில் பொருட்படுத்தத்தக்க அளவில் வெளியேறாது. கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் அடங்கியிருந்த நச்சு எங்கும் மறைந்துவிடுவதில்லை, ரத்தத்துக்கு வருகிறது. எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் எடை இறங்க இறங்க பி.சி.பி. அளவு உயர்ந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எடை குறைப்பது நல்லதே. அதை மெதுவாகவும் மருத்துவர் அறிவோடும் செய்யவேண்டும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

உண்மையிலேயே நச்சை விரைவாக வெளியேற்ற முயன்ற சில நிகழ்வுகள் உண்டு. அவற்றை அறிந்தால் இந்தத் தூளின் இடம் தெரியும். 1975-இல் அமெரிக்காவின் ஹோப்வெல் நகரில் கெப்போன் என்னும் பூச்சிக்கொல்லி ஆலையின் தொழிலாளர்கள் கைநடுக்கமும் பார்வைக் கோளாறுமாகச் சிகிச்சைக்கு வந்தார்கள். பித்தநீரோடு குடலுக்கு வரும் நச்சைக் குடலே மீண்டும் உறிஞ்சிவிடுகிறது என்பதைக் கண்டறிந்த மருத்துவர்கள், அதைக் குடலில் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமைன் மருந்தைக் கொடுத்து வெளியேற்றத்தை விரைவுபடுத்தினார்கள். 1990-களின் இறுதியில் வியன்னாவில் டையாக்சினால் கடுமையாக நச்சேறிய இரு பெண்களுக்கு, செரிக்காத செயற்கைக் கொழுப்பான ஒலெஸ்ட்ராவைக் கொடுத்தபோது மலத்தின் வழியாக வெளியேறும் அளவு பல மடங்கு உயர்ந்தது. 2004-இல் டையாக்சின் கொடுக்கப்பட்ட உக்ரைன் அரசியல்வாதி விக்டர் யூஷ்செங்கோவுக்கு நீண்ட கால மருத்துவக் கண்காணிப்பு தேவைப்பட்டது. இவை எல்லாம் மிகக் கடுமையாக நச்சேறிய ஓரிருவருக்கோ ஒரு குழுவுக்கோ மருத்துவமனைக் கவனிப்பில் செய்தவை. எவர் வேண்டுமானாலும் வாங்கி விழுங்கும் தூளுக்கு அவற்றின் நிழலில் ஒதுங்க உரிமையில்லை.

என்னைக் கோபப்படுத்தியது, அந்தச் செய்தி கருவுற்றிருந்த என் மகளுக்கும் போனது. கர்ப்பத்தில் பட்டினி கிடந்து கொழுப்பைக் கரைத்தால் நச்சு யாரைச் சென்றடையும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அதை அனுப்பியிருக்கமாட்டார்கள். அவள் கர்ப்பிணி என்பது அவர்களின் படிவத்திலேயே இருந்தது. நான் புகார் செய்த பிறகு அவளுக்குச் செய்தி வருவது நின்றது. தூள் இன்னமும் விற்பனையில் இருக்கிறது.

மகள் அறிய விரும்பியது ஒன்றே ஒன்று: குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கலாமா? இந்தக் கேள்விக்கு அறிக்கையில் பதிலே இல்லை. தாய்ப்பாலில் கொழுப்பு இருப்பதால் இந்த நச்சுகள் அதில் வருகின்றன; டி.டி.டி. அப்படி வருவது 1951-லேயே தெரிந்துவிட்ட செய்தி. பி.சி.பி. இயற்கையில் பரவியிருப்பதை 1966-இல் வெளிப்படுத்திய ஸ்வீடன் வேதியியலர் சோரன் யென்சன், கழுகிலும் மீனிலும் மட்டுமன்றித் தம் மனைவி, கைக்குழந்தையான மகள் ஆகியோரின் தலைமுடியிலும் அதைக் கண்டார். அதை நான் முதலில் படித்தபோது, எண்ணெய்க் கறையோடு வீடு வந்து மகளைத் தூக்கிக் கொஞ்சிய மாலைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. ஆனால் உலக சுகாதார நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தாய்ப்பால் மாதிரிகளை நாடுதோறும் ஆராய்ந்து, நச்சு இருப்பதை நன்கறிந்தே, தாய்ப்பாலையே பரிந்துரைக்கிறது. தாய்ப்பால் தரும் எதிர்ப்பாற்றலும் வளர்ச்சியும் வேறெதிலும் முழுதாகக் கிடைப்பதில்லை. கருவில் இருக்கும்போதே நச்சு குழந்தையை அடையத் தொடங்கிவிடுவதால், பாலை நிறுத்துவது அதற்கு மாற்றும் ஆகாது. அந்த மருத்துவர் இதை மகளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஜெர்மனியின் வல்லுநர் குழு குழந்தைகளுக்கும் கருவுறும் வயதுப் பெண்களுக்கும் மொத்த பி.சி.பி.க்கு வகுத்த முதல் எச்சரிக்கை அளவான லிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமை, அவளுடைய அளவு நெருங்கவே இல்லை என்றும் காட்டினார். இந்த ஒப்பீட்டுக்கு மட்டும் லிட்டர் கணக்கு தேவைப்படுகிறது. ஆகவே அறிக்கையில் இரண்டு கணக்கும் இருக்கவேண்டும்.

எங்கள் இருவரின் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பி.சி.பி.யும் டி.டி.இ.யும் அவளிடம் என்னைவிட மிகக் குறைவு. நுரைமெத்தையிலும் மின்னணுப் பெட்டிகளிலும் தீத்தடுப்பானாகக் கலக்கப்பட்ட புரோமின் சேர்மங்களில் மட்டும் அவள் எனக்குச் சமம். ஸ்வீடன் தாய்ப்பால் ஆய்விலும் இதே இயல்பு உண்டு: 1972 முதல் 1997 வரை பி.சி.பி. இறங்கிக்கொண்டே வர, இந்தப் புரோமின் சேர்மங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரட்டித்தன. நிலைத்த கரிம மாசுகளைக் கட்டுப்படுத்த 2001-இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் அவற்றுள் சில 2009-இல்தான் சேர்க்கப்பட்டன. ஒன்றைத் தடை செய்தால் மனித உடலில் அது குறைகிறது என்பதை ஒரு தந்தையின் தாளும் ஒரு மகளின் தாளும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நிறுவனம் தன் அறிக்கையில் சொல்லவேண்டிய செய்தி இது. அந்தப் பக்கத்தில் தூளின் விளம்பரம் இருந்தது.

மாதிரி எடுத்தவருக்கும் ஆய்வகத்துக்கும் மருத்துவருக்கும் ஐந்துக்கு ஐந்து தருவேன். அறிக்கைக்கு இரண்டு. தூளுக்காக மொத்தத்தில் ஒன்றைக் குறைத்து, சேவைக்கு மூன்று என்று வைக்கிறேன். பொதுவான உடல்நல ஆர்வத்துக்காக இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். கிடைக்கும் எண்ணை வைத்துச் செய்யக்கூடியது குறைவு, கவலையோ அதிகம். என்னைப் போன்ற தொழிலில் இருந்தவர்கள், பழைய மின்சாதனக் கழிவுக்கு அருகில் வசிப்பவர்கள், கருவுறத் திட்டமிடும் பெண்களில் அத்தகைய பின்புலம் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பயன்படும். பதிவு செய்யும் முன்பே, கொழுப்புத் திருத்தம் செய்த எண் வருமா, உங்கள் வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்வார்களா, மருத்துவர் பேசுவாரா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். நீங்கள் செய்த வேலையை அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதிக் கொடுங்கள்.

இன்னமும் களத்தில் இருக்கும் பழைய தோழர்கள் சிலருக்கு இந்தத் திருத்திய தாளின் நகலை அனுப்பியிருக்கிறேன். பி.சி.பி. உள்ள மின்சாதனங்களைப் பயன்பாட்டிலிருந்து நீக்க ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை குறித்த ஆண்டு 2025, கழிவை முறையாக அழிக்க 2028. பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் அது கலந்த எண்ணெயும் அந்தக் கணக்கில் வரும். அவர்கள் திறக்கப்போகும் டேங்கின் எண்ணெயைச் சோதித்த தாள் இருக்கிறதா என்று முதலில் கேட்கச் சொன்னேன். என்னுடைய அடுத்த பரிசோதனை மூன்று ஆண்டுகள் கழித்து, அதே ஆய்வகத்தில், அதே பட்டினி நேரத்தோடு நடக்கும். பி.சி.பி. 153 உடலில் பாதியாகப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம் என்பதால் பெரிய மாற்றத்தை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த முறை கொழுப்புக் கணக்கு முதல் அறிக்கையிலேயே வரும் என்று எழுதி வாங்கி வைத்திருக்கிறேன்.